மம்பட்டியிலிருந்து கருவிப் பெட்டி வரை: மலையகத் தோட்ட வீடுகளின் கருவி வரலாறு

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் ஒரு குடும்பம் இன்று வீட்டில் வைத்திருக்கும் கருவிகள் பல காலங்களைச் சேர்ந்தவை. மம்பட்டியும் கத்தியும் சாணைக்கல்லும் மலை வேலையோடு வந்தன. சுத்தியலும் ஆணியும் குறடும் லயம் எனப்படும் வரிசை வீட்டின் தகரக் கூரையைக் காக்க வந்தன. டெஸ்டர், ஹெக்சோ, ஸ்பேனர் ஆகியவை மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் முச்சக்கர வண்டியும் வந்த பிறகு சேர்ந்தன. கையில் காசு சேரும்போதெல்லாம் ஒன்றொன்றாக வாங்கி நிரப்பியதுதான் இங்குள்ள கருவிப் பெட்டி. அது நிரம்பிய வரிசையைப் பார்த்தால் மலையகத் தமிழர் வீடு பெற்ற வரலாறும் தெரியும்.

கோப்பிக் காலத்து இரும்பு

1820-களில் கம்பளைக்கு அருகே கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. அதன்பின் கண்டி மலைகளின் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டன. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி அழைத்து வந்தார்கள். அந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் பசிக்கும் காய்ச்சலுக்கும் பலர் இறந்தனர். மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்கள் கருவிகளைச் சுமந்து வரவில்லை. மலைக் குளிருக்குக் கொடுத்த கம்பளியின் விலைகூட அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டது. வேலைக்கான இரும்பைத் தோட்டம் கொடுத்தது. அது தோட்டத்தின் சொத்தாகவே இருந்தது.

காட்டை வெட்டக் கோடரியும் காட்டுக்கத்தியும், பாறையைப் பெயர்க்க அலவாங்கும், குழி வெட்டவும் கான் என்னும் வடிகால் வெட்டவும் மம்பட்டியும் வேண்டியிருந்தன. இந்தப் பெயர்களில் நாட்டின் வரலாறு தங்கியிருக்கிறது. அலவாங்கு என்பது போர்த்துக்கீசச் சொல்லான ‘அலவாங்கா’விலிருந்து வந்தது. தச்சரையும் மேசனையும் ‘பாஸ்’ என்று அழைப்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற வழக்கம். மறுபக்கம், மண்வெட்டி என்ற தமிழ்ச் சொல் பேச்சில் மம்பட்டியாகி, ‘மமோட்டி’ என்று ஆங்கிலத்துக்குள் புகுந்தது. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் அதற்குத் தனிப் பதிவு உண்டு. மண்வாரியைப் போல நேராக நிற்காமல், பிடியோடு கோணமாக மடிந்து நிற்கும் இந்தக் கருவியை வெள்ளைத் துரைமார் தொழிலாளர் கையில் பார்த்து, அவர்கள் சொன்ன பெயராலேயே எழுதிக்கொண்டார்கள்.

இரும்பு பெரும்பாலும் கப்பலில் வந்தது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்த சில்லிங்டன் நிறுவனம் முதலை முத்திரை பதித்த வெட்டுக் கருவிகளைச் செய்து வெப்பமண்டல நாடுகளுக்கு அனுப்பியது. பிடி மட்டும் உள்ளூரில் போடப்பட்டது. தேய்ந்த தகட்டுக்குப் புதுப் பிடி போடவும், ஆடும் பிடிக்கு ஆப்பு அடித்து இறுக்கவும் தொழிலாளர் தாமே கற்றார்கள். தோட்ட வீட்டின் முதல் பழுதுபார்ப்புப் பாடம் அதுவே.

தேயிலையின் ஆயுதங்கள்

1869-இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்த மலைகளை இருபது ஆண்டுகளுக்குள் தேயிலை மூடியது. கோப்பி பருவத்துக்குப் பருவம் ஆள் கேட்ட பயிர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்து போனவர்கள் குடும்பத்தோடு தங்கினார்கள். அவர்களின் கருவிகளும் மாறின.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதன்மைக் கருவி அவளுடைய விரல்களே. தலையில் கயிற்றைப் போட்டு முதுகில் தொங்கவிடும் கூடை, இடுப்பில் சுற்றும் படங்கு, தேயிலைச் செடியின் மேல்மட்டத்தைச் சமமாக வைத்துக்கொள்ளச் செடிமீது கிடத்தும் மட்டக்கம்பு ஆகியவை அவளுக்குத் துணை. ஆண்கள் கவ்வாத்து வெட்டினார்கள், முள்ளுக் குத்தினார்கள், கான் வெட்டினார்கள். முள்ளு என்பது மண்ணைக் கிளறி இளக்கும் கவை. புல்லைச் சுரண்டி எடுக்கச் சொரண்டி இருந்தது. சொரண்டியால் வழித்துத் துடைத்த சரிவுகளில் மேல்மண் மழையோடு போனது. மண்ணரிப்பு பெருங்கேடாக உணரப்பட்ட பிறகுதான் களையெடுக்கும் முறைகள் மாறத் தொடங்கின.

இவற்றுள் மிக நுட்பமானது கவ்வாத்துக் கத்தி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெட்டிக் குறைத்தால்தான் அது பறிக்கும் உயரத்தில் நின்று புதுத் தளிர் விடும். வெட்டு ஒரே வீச்சில், சரிவாக, வழுவழுப்பாக விழ வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் கிளை பிளக்கும். பிளவில் நீர் தங்கிச் செடி அழுகும். ஆகவே கவ்வாத்துக்காரர் சாணைக்கல்லைக் கூடவே வைத்திருந்து, வேலைக்கு இடையிடையே தீட்டிக்கொள்வார். வெட்டிப் போட்ட கிளைகள் மிலாறு எனப்பட்டன. அவை லயத்து அடுப்புக்கு விறகாயின. ஒரு கத்தியின் கூர்மை தோட்டத்தின் விளைச்சலையும் வீட்டின் அடுப்பையும் ஒருசேரத் தாங்கியது.

கருவிமீது இருந்த மதிப்பு வழிபாட்டிலும் இடம்பிடித்தது. மலையக நாட்டார் தெய்வங்களில் கொழுந்துச் சாமி, கவ்வாத்துச் சாமி, ரோதை முனி ஆகியோர் உண்டு. ரோதை என்பது சக்கரம். போர்த்துக்கீச ‘ரோடா’விலிருந்து இலங்கைத் தமிழுக்கு வந்த சொல். தேயிலைத் தொழிற்சாலையில் சுழலும் சக்கரங்கள் ஆளை இழுத்துவிடாமல் காப்பவர் ரோதை முனி. தமிழகத்துச் சிற்றூர்களில் இல்லாத இந்தத் தெய்வங்களை மலையகத் தொழிலாளர் தம் வேலைக்குள்ளிருந்தே உருவாக்கினார்கள். ஆயுத பூசை நாளில் கருவிகளும் இயந்திரங்களும் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன.

ஸ்டோரும் பட்டறையும்

தொழிலாளர் ‘ஸ்டோர்’ என்று அழைப்பது தேயிலைத் தொழிற்சாலையைத்தான். டெய்லர் முதலில் தம் பங்களா விறாந்தையில் மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்ட வைத்தார். களிமண் அடுப்பில் கரி மூட்டி உலர்த்தினார். 1870-களில் அங்கே தொழிற்சாலை எழுந்தது. அடுத்த பத்தாண்டுகளில் வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த உருட்டும் இயந்திரங்களும், பெல்பாஸ்ட் நகரின் சாமுவேல் டேவிட்சன் செய்த ‘சிரோக்கோ’ உலர்த்திகளும் மலைக்கு வந்தன.

இயந்திரம் வந்த இடத்துக்குப் பழுதுபார்ப்பவரும் வர வேண்டும். ஜோன் வோக்கர் 1854-இல் கண்டியில் தொடங்கிய பட்டறை கோப்பி இயந்திரங்களைச் செய்தது. பின்னர் தேயிலை இயந்திரங்களுக்கு மாறி நாடறிந்த நிறுவனமாக வளர்ந்தது. தோட்டங்களுக்கான பொறியியல் வேலைக்காக 1875-இல் ஹட்டனில் பிரவுன் நிறுவனம் தொடங்கியது. ரயில் 1867-இல் கண்டியையும், 1874-இல் நாவலப்பிட்டியையும், 1885-இல் நானுஓயாவையும் எட்டியது. மாட்டு வண்டியில் வாரக்கணக்கில் ஏறிவந்த இரும்பு அதன்பின் வேகனில் வந்து இறங்கியது.

தோட்டத்துப் பட்டறையில் கொல்லர், தச்சர், மேசன், பிட்டர் வேலை செய்தார்கள். இரும்புப் பிடிப்பொறி, அரம், உளி, இழைப்புளி, ஸ்பேனர் முதலியன ஒரே இடத்தில் முறையாக அடுக்கப்பட்டிருந்ததைத் தோட்டப் பிள்ளைகள் அங்கேதான் முதலில் பார்த்தார்கள். எடுத்துக் கொடுக்கும் உதவியாளாகச் சேர்ந்தவர், எந்த மரைக்கு எந்த ஸ்பேனர் என்பதைக் கண்ணால் பார்த்தே கற்றார். பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோன காலத்தில் பட்டறை பலருக்குத் தொழிற்பள்ளியாக இருந்தது. அந்தத் திறமை வீட்டுக்கு வந்தது. ஆனால் கருவி தோட்டத்துப் பட்டறையிலேயே பூட்டப்பட்டது.

லயத்து அறை

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள். ஓர் அறை பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. அதில்தான் சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும். கருவிகளுக்கென ஒதுக்க மூலைகூட இராது. மம்பட்டி வெளிச்சுவரில் சாய்ந்திருக்கும். கத்தி கூரைச் சட்டத்தில் செருகியிருக்கும். ஆணிகள் பழைய தகர டப்பாவில் கிடக்கும்.

இடம் குறைவு என்பதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அறையும் போகும். சுவரைத் தள்ளிக் கட்டவோ, சன்னல் வைக்கவோ துரையின் அனுமதி வேண்டும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்று தெரியாத குடும்பம் உளியும் வாளும் வாங்கி வைக்கக் காரணம் இல்லை.

ஆனாலும் மழை காத்திருக்காது. இரண்டு பருவக்காற்றும் நனைக்கும் மலையில் தகரம் துருப்பிடிக்கும், ஆணித் துளை பெரிதாகும், கூரை ஒழுகும். தோட்டம் ஆள் அனுப்பும்வரை பொறுக்க முடியாதவர்கள் துளையில் தார் பூசி, மேலே தகரத் துண்டு வைத்து அடித்தார்கள். அந்தத் தேவையால் ஒரு சுத்தியலும், ஆணி பிடுங்கக் குறடும், தகரம் வெட்டும் கத்தரியும் வீட்டுக்குள் வந்தன. லயத்தில் ஒருவர் வாங்கினால் பத்து வீடும் இரவல் கேட்கும். பண முடையில் கருவியைப் பகிர்ந்துகொள்வது அன்றாட ஒழுங்காக இருந்தது.

சொந்த வீடும் சொந்தப் பெட்டியும்

1972, 1975-ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அதே காலத்தில் தோட்ட வீடமைப்புக்கென ஒரு நிதியம் அமைக்கப்பட்டு, கடனுதவியோடு தொழிலாளர் தம் உழைப்பையும் இட்டுக் கட்டும் வீடுகள் எழுந்தன. கல் சுமந்து, மண் வெட்டி, சாந்து குழைத்தவர்கள் குடும்பத்தாரே. கரண்டி, தூக்குக்குண்டு, இரசமட்டம், அளவு நாடா ஆகியவை இந்தக் கட்டத்தில்தான் தோட்ட வீடுகளுக்குள் பரவின.

2015-க்குப் பின் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலமும் உறுதிப் பத்திரமும் வழங்கும் திட்டம் வந்தது. 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. லயத்து அறையைப் போலப் பதினாறு மடங்கு. இந்திய அரசின் உதவியில் 4,000 வீடுகள் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கையில், 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவ்வளவும் நடந்த பின்னும் இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன.

மின்சாரம் தாமதமாகவே வந்தது. ஹட்டனை அடுத்த லக்சபானவில் 1950-இல் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. ஆனால் அந்த மலைகளில் வாழ்ந்தவர்களின் லயங்களுக்கு விளக்கு எரியப் பல பத்தாண்டுகள் பிடித்தன. விளக்கு வந்ததும் டெஸ்டரும் இன்சுலேஷன் டேப்பும் வந்தன. குழாய்த் தண்ணீர் வந்ததும் ஹெக்சோவும் பிவிசிப் பசையும் நூல் டேப்பும் வந்தன. கடனுக்கு முச்சக்கர வண்டி எடுத்த இளைஞரோடு ஸ்பேனர் செட்டும் ஜாக்கியும் வந்தன. வீட்டோரத்தில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்ட வண்டிக் கொட்டகையே மலையகத்தின் கராஜ்.

இந்தப் பெட்டியைச் சிக்கனமாக நிரப்பும் வழியையும் அனுபவமே வகுத்தது. 2021-இல்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாகச் சட்டப்படி உயர்ந்தது. அந்த வருமானத்தில் முழுச் செட்டு வாங்க முடியவில்லை. முதலில் சுத்தியல், குறடு, இரு வகைத் திருப்புளி, டெஸ்டர், ஹெக்சோ, அளவு நாடா. அடுத்து திருகி அகலம் மாற்றும் ஸ்பேனர். வண்டி இருந்தால் அதன் மரைகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள் மட்டும் என்பதே பரவலான ஒழுங்கு. துளையிடும் மெஷின் தேவைப்பட்டால் இரவல் வாங்கலாம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய, ஆனால் உறுதியான இரும்பைத் தேடி வாங்கி வருவார்கள். மலிவான புதியதைவிட நல்ல எஃகிலான பழையது நீடிக்கும். மலையின் ஈரத்தில் எந்த இரும்பும் துருப்பிடிக்கும் என்பதால், துடைத்து எண்ணெய் தடவி, சாக்குத் துணியில் சுற்றி வைப்பது முதல் பராமரிப்பு. கவ்வாத்துக் கத்தியைக் காத்த பழக்கம் அப்படியே பெட்டிக்கும் வந்தது.

மலையகத்தில் கருவியைக் கையாளும் திறமைக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மலையை வெட்டி, தேயிலையை வளர்த்து, இயந்திரத்தை ஓட்டியவை அந்தக் கைகள்தாம். வேலைக் கருவி தோட்டத்துடையதாக, அறை பிறருடையதாக இருந்தவரை வீட்டுக்கென ஒரு பெட்டி உருவாகவில்லை. காணியும் உறுதிப் பத்திரமும் கிடைத்த குடும்பத்தில் அது தானாக உருவானது. லயத்தில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த நிலம் கிடைக்கும் நாளில்தான் இந்த வரலாறு முழுமை பெறும்.