பழனி–ஆனைமலை நில அளவை வரைபடங்கள்

பழனிமலை, ஆனைமலை, கண்ணன் தேவன் மலைகளைக் காட்டும் அளவை வரைபடங்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிடைக்கின்றன. இவற்றுக்கு அடித்தளம் இட்டவர் லெப்டினன்ட் பெஞ்சமின் ஸ்வேன் வார்டு. கானர் என்ற அதிகாரியோடு சேர்ந்து 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்த அவர், 1821-இல் வெள்ளகவி வழியாகப் பழனிமலைக்கு ஏறினார். வரைபடத்தோடு அவர் எழுதிய குறிப்பேட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தாளில் அடங்காத ஊர், பாதை, பயிர் விவரங்கள் அதில்தான் உள்ளன.

முக்கோண அளவை முறையில் சிகரம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். 1802-இல் பரங்கிமலை அருகே லாம்டன் என்ற அளவையாளர் அளந்த அடிக்கோட்டிலிருந்து கிளம்பிய முக்கோண வலை தெற்கே விரிந்து, மலையுச்சிகளைத் தூரத்திலிருந்தே தியோடலைட்டால் நோக்கி நிலைநாட்ட உதவியது. சோலைக்காட்டுக்குள் அந்த வித்தை பலிக்காது. மரக்கூரைக்கு அடியில் ஓடும் ஓடையைக் கால்நடையாகத்தான் தொடர வேண்டும், அடிவாரத்திலோ மலைக்காய்ச்சல். ஆகவே பழைய தாள்களில் சிகரங்களை நம்பலாம், பள்ளத்தாக்குகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது.

தொடக்ககாலத் தாள்களில் சரிவுகள் நிழல்கோடுகளால் தீட்டப்பட்டன. 1905-க்குப் பிறகு இந்திய நில அளவைத் துறை ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வண்ணத் தாள்களை வெளியிட்டது. அவற்றில் உயரத்தைச் சமஉயரக் கோடுகள் காட்டின. பிற்காலத்தில் அளவு 1:50,000 ஆனது. இந்த வரிசையில் ஆனைமுடி 58 எஃப்/4 தாளிலும், கொடைக்கானல் 58 எஃப்/8 தாளிலும் வருகின்றன.

கொடைக்கானல் ஏரி 1863-இல் உருவாக்கப்பட்டது. பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. இரண்டு நீர்ப்பரப்புக்கும் வார்டின் தாளில் இடமில்லை. பின்னாளில் வாட்டிலும் யூகலிப்டசும் பைனும் மூடிய புல்வெளிகளைத் தேடுவோரும் பழைய தாள்களைப் புரட்டுகிறார்கள். ஆனால் மரக்குறி இல்லாத இடமெல்லாம் புல்வெளி என்று முடிவு கட்டக் கூடாது. அளவையாளர் கால் படாத இடமும் தாளில் வெற்றாகத்தான் கிடக்கும்.

இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பழைய தாளை வைத்தால் எல்லாம் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். அது அளந்தவர் பிழையாகவே இருக்க வேண்டியதில்லை. பூமியின் வடிவத்துக்கு நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தையும், இன்றைய ஜிபிஎஸ் வேறொன்றையும் ஆதாரமாகக் கொண்டவை.