நூலகப் பட்டியலும் தமிழ் அச்சு வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவார்க்குக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என்பன சான்றுகளாய் அமையும் என்பது யாவரும் அறிந்ததே. மண்ணை அகழ்ந்து பெறும் சான்றுகளின் அருமையை நாம் நன்குணர்ந்துள்ளோம். ஆயின், நூலகத்தின் அடுக்குகளில் மறைந்து கிடப்பனவற்றையும் ஒருவர் அகழ்ந்தே எடுத்தல் வேண்டும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. பல்கலைக்கழக நூலகத்தினுட் புகும் மாணவன், ஆசிரியர் குறித்துத் தந்த நூலைப் பெற்றதும் மீண்டுவிடுகின்றான். எவரும் குறித்துத் தராத பொருள் அங்கே யாதுளது என வினவுவோர் சிலரே. அவ்வாறு சிலர் வினவியமையால் தமிழ் அச்சின் தொடக்க வரலாறு எங்ஙனம் தெளிவுற்றது என்பதை ஈண்டு நோக்குவாம்.

தமிழ் அச்சைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடியையும் சீகன்பால்கு ஐயரையுமே முதலிற் குறிப்பிடுவர். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே யேசு சபையார் தமிழ் நூல்களை அச்சிட்டனர் என்னுஞ் செய்தி அவர்தங் கடிதங்களில் இருந்தது. ஆயினும் அந்நூல்கள் தமிழறிஞர் கைக்கு எட்டும் இடங்களில் இருந்தில. அவை மேலைநாட்டு நூலகங்களிலே உறங்கிக் கிடந்தன.

கொல்லத்தில் 1578ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். தமிழெழுத்தில் அச்சேறி இன்று கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது இதுவே. அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றிக்கே என்றிக்கசு இதனைத் தமிழாக்கினார். இதன் பிரதி அமெரிக்காவின் ஆவார்டுப் பல்கலைக்கழக நூலகத்தில் உளது. அப்பல்கலைக்கழக நூலகத்தின் வெளியீட்டிலே 1952இல் சுர்காமர், கொற்றெல் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து கட்டுரை வரைந்தனர். அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராய்ச் சேர்ந்தவர் ஈழத்தவரான தனிநாயக அடிகள். அவர் தாம் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில முத்திங்களேட்டின் வாயிலாக இத்தகைய பழைய அச்சு நூல்களைத் தமிழுலகு அறியச் செய்தார். இலிசுபன் நகரில் 1554இல் தமிழை உரோமன் எழுத்திற் பெயர்த்து அச்சிட்ட 'கார்த்தில்யா', 1579இல் கொச்சியில் அச்சேறிப் பாரிசு நகரத்துச் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் 'கிரிசித்தியானி வணக்கம்' ஆகியன அவர் ஆராய்ந்தவற்றுட் சில. அந்தாம் தெ புரவென்சா இயற்றி 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கீச அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்ட அடிகள், 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அதனை உருமாறாது மறுபதிப்புச் செய்வித்தார்.

இத்துடன் இப்பணி முடிந்துவிடவில்லை. என்றிக்கசு அடிகளாரின் பாவசங்கீர்த்தன நூலொன்று 1580இல் அச்சாயிற்று. நெடுங்காலம் இழந்துபோனதெனக் கருதப்பட்ட அந்நூல் ஒக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்தில் இருத்தலை 1980களிற் கிரகாம் சோ என்பார் எடுத்துக்காட்டினார்.

நூலகத்தில் இருந்தும் நூல் மறைந்திருந்தமைக்குக் காரணம் யாது? தூரம் ஒரு காரணம். பெயர் மற்றொரு காரணம். போர்த்துக்கீசர் தமிழை 'மலவார்' என்றனர். ஒல்லாந்தரும் செருமானியரும் அவ்வழக்கையே பின்பற்றினர். தம்பிரான் வணக்கத்தின் போர்த்துக்கீசத் தலைப்பு 'மலவார் தமிழ்' மொழி என்றே கூறும். சீகன்பால்கு ஐயர் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் எழுதிய பட்டியலும் 'மலபார்' நூல்களின் பட்டியலாகவே வழங்குகின்றது. எம் நாட்டிலும், தேசவழமையைச் சட்டமாக்கிய 1806ஆம் ஆண்டுப் பிரமாணம் யாழ்ப்பாணத் தமிழரை 'மலபார்' குடிகள் என்றே சுட்டிற்று. எனவே, 'தமிழ்' என்னுந் தலைப்பின்கீழ் மட்டுந் தேடுவார்க்கு இவை அகப்படா. இன்று பட்டியல்கள் கணினியில் ஏறியுள்ளன. ஆயினும் பழைய அட்டையில் எழுதப்பட்ட பெயரே பல இடங்களிற் கணினியிலும் ஏறியது. ஆதலின் ஒரு பொருளைத் தேடுவோர், அதனைப் பட்டியலிட்டவர் எப்பெயரால் அறிந்திருப்பர் என்று முதலில் எண்ணுதல் வேண்டும். மூலநூலாசிரியர் பெயர், மொழிபெயர்த்தவர் பெயர், அச்சிட்ட ஊரின் பழம்பெயர் ஆகிய மூன்றாலும் தேடுதல் நன்று.

கிரிசித்தியானி வணக்கம் அச்சான கொச்சியின் பெயரை எம்மூர்க் கொச்சிக்கடையும் தாங்கி நிற்கின்றது. கொழும்பு நகருக்கும் பழைய அச்சு வரலாறு உண்டு. ஒல்லாந்தர் 1737இல் இங்கு அச்சுப்பணியைத் தொடங்கினர். கொழும்பிற் பிறந்த தமிழறிஞர் பிலிப்பு தெ மெல்லோவின் உழைப்பால் 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கே அச்சாயிற்று. இத்தகைய செய்திகளை ஆராய்வோர்க்குக் கொழும்பிலேயே 1877இல் நிறுவப்பட்ட நூதனசாலை நூலகம் இருக்கின்றது. பேராதனைப் பல்கலைக்கழக நூலகமோ இலங்கை பற்றிய நூல்களைத் தனித் தொகுதியாய்ப் பேணுவதுடன், நாட்டில் அச்சாவனவற்றைச் சட்டப்படி பெறும் உரிமையும் உடையது. அங்கு நூலகராய் விளங்கிய இயன் குணதிலக்க 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை நூற்பட்டியல், எப்பொருள் எங்கே எழுதப்பட்டுள்ளது எனக் காட்டும் பெருந்துணை. யாம் வெளிவாரிப் பட்டத்துக்குப் பயின்ற காலத்தில், விரிவுரை கேட்கும் வாய்ப்பின்மையால், இத்தகைய பட்டியல்களே எமக்கு ஆசிரியராயின. பல்கலைக்கழக இடம் கிடையாத மாணவர்க்கு இதனை வற்புறுத்திக் கூற விரும்புகின்றோம்.

இங்கு மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. பிறவிடத்திற் பிரதியுள்ள நூலை மீண்டும் பெறலாம். ஒரே பிரதியாய் இருந்த ஏட்டை எவ்வாறு பெறுவது? தம்பிரான் வணக்கம் எமது முயற்சியாற் பிழைத்ததன்று. அயலார் பேணியமையாற் பிழைத்தது. கோட்டையூர் ரோசா முத்தையா 1992இல் மறைந்தபின் அவர் திரட்டிய நூல்கள் சிதறாது நின்றதும் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் துணையாலேயே. அத்தொகுதி 1994இற் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. நூல்கள் தமிழ் நிலத்திலேயே தங்க, நுண்படங்கள் கடல் கடந்துஞ் சென்றன. ஈழத்துத் தமிழ் நூல்களை இலக்கமுறையிற் பேண 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டமும் இவ்வழியிற் செல்வதே. ஒரு பிரதி ஓரிடத்தில் மட்டும் இருத்தல் காப்பாகாது என்பதே இவையாவும் உணர்த்தும் பாடம்.

நம்மிடையே அச்சாகும் கும்பாபிடேக மலர்கள், இறந்தோர் நினைவாக வெளியிடும் கல்வெட்டுகள், பாடசாலை ஆண்டு மலர்கள் ஆகியவற்றை நாம் நூலாகவே மதிப்பதில்லை. ஓர் ஊரின் குடிவழி, தொழில், வழிபாடு, கல்வி என்பனவற்றை நாளை ஆராய்வோர்க்கு இவையன்றோ சான்று? தம்பிரான் வணக்கமும் தன் காலத்தில் 16 பக்கச் சிறு நூலே. ஆதலின், மாணவர் தத்தம் இல்லங்களிற் கிடக்கும் இத்தகைய வெளியீடுகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆண்டு, அச்சகம், ஊர் எழுதிப் பட்டியலாக்குக. மேலதிகப் பிரதியொன்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அனுப்புக. இம்மலரின் பிரதியிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.