வயிறு நிறைந்தது, உடல் வாடியது: புழுங்கல் அரிசி சொல்லும் மலாயா வரலாறு

மலேசியத் தமிழர் வீடுகளில் காலை உணவு உண்பதற்குப் பசியாறுதல் என்றே பெயர். காலையில் ஒருவரைப் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்பது வழக்கம். வயிறு நிறைந்துவிட்டால் உடலுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்பது பலரின் எண்ணம். அது தவறு என்பதை உலகுக்கு மெய்ப்பித்த ஊர்களுள் கோலாலம்பூரும் ஒன்று. அந்த வரலாற்றில் தமிழர்களின் சோற்றுப் பானைக்கும் ஒரு பங்கு உண்டு.

சோறு இருந்தும் வந்த சாவு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களைப் பெரிபெரி என்னும் நோய் ஆட்டிப்படைத்தது. கால்கள் மரத்துப்போகும், வீங்கும். நடை தள்ளாடும். முற்றினால் இதயம் செயலிழந்து உயிர் போகும். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறுதான் அவர்களின் முக்கிய உணவு. இந்நோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று பசியின்மை. சத்து இல்லாமல் உடல் தவித்தபோதும் வயிறு உணவு கேட்கவில்லை. பசி என்னும் எச்சரிக்கை மணியே அடங்கிப்போனது.

அதே நாட்டில் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் உழைத்த தமிழர்களை இந்நோய் அரிதாகவே தீண்டியது. அவர்களின் வாழ்வு சுகமானதன்று. கிள்ளான் வட்டாரத்தில் மலேரியா அவர்களை வாட்டியது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியவைத்து அதனுடன் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் பெரிபெரி மட்டும் லயத்து வாசலில் நின்றுவிட்டது. என்ன காரணம்?

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த லெனார்டு பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்தார். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி, சீனர்கள் உண்டது பச்சரிசி. நோய்க்கும் அரிசிக்கும் தொடர்பு உண்டு என 1907இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் கருதியது பிழை. ஆனால் அவர் சுட்டிய திசை சரியானது.

கோலாலம்பூரில் நடந்த சோதனை

1905 டிசம்பரில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினார். அங்கிருந்தவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. நோய் கட்டடத்திலிருந்து தொற்றுகிறதோ என்ற ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரின் விடுதிகளும் மாற்றப்பட்டன. ஓராண்டு முடிவில் பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பெரிபெரி தாக்கியிருந்தது. 18 பேர் உயிரிழந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. தங்களுக்காகப் பேச இயலாத நோயாளிகளின் மீது நடந்த சோதனை இது. இன்றைய மருத்துவ நெறிமுறை இதை அனுமதிக்காது. அவர்களின் இழப்பில்தான் இந்த அறிவு பிறந்தது என்பதை மறக்கலாகாது.

அடுத்து, 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் களமிறங்கினர். நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்த 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே ஒப்பீட்டை நடத்தினர். முடிவு மாறவில்லை. அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் உயிர்காக்கும் பொருள் இருக்கிறது என்பதையும் அவர்கள் காட்டினர். 1910இல் மணிலாவில் கூடிய மருத்துவ மாநாடு இதை ஏற்றது. அந்தப் பொருளே இன்று தயமின் எனப்படும் வைட்டமின் பி1.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள இச்சத்தின் ஒரு பகுதி அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தமிழர்களைக் காத்தது பாட்டன் காலத்துப் பழக்கம். அதற்கான விளக்கத்தை விஞ்ஞானம் பிறகுதான் கண்டுபிடித்தது.

பசியை ஆள்வது யார்?

பெரிபெரி மறைந்தாலும் அது எழுப்பிய கேள்வி மறையவில்லை. உடலின் தேவையைப் பசி ஏன் சரியாகச் சொல்வதில்லை? இதற்கு விடை தந்தவை ஹார்மோன்கள். 1994இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்குழு லெப்டினைக் கண்டறிந்தது. உடலில் எவ்வளவு கொழுப்பு சேமிப்பில் உள்ளது என்பதை மூளைக்கு உணர்த்துவது அது. 1999இல் ஜப்பானின் கோஜிமா, கங்காவா ஆகியோர் கிரெலினைக் கண்டறிந்தனர். இது இரைப்பையில் பெரும்பாலும் சுரந்து, உணவு வேளைக்கு முன் கூடிப் பசியைக் கிளப்பும். உண்டபின் குறையும். குடலிலிருந்து சுரக்கும் ஜிஎல்பி-1 போன்றவை, போதும் என்று மூளைக்குச் சொல்லும்.

இந்தச் செய்திகள் தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றின் புரதமும் கீரை, காய்களின் நார்ச்சத்தும் நிறைவுச் செய்தியை வலுவாக்கும். தீட்டிய அரிசியும் சீனி கலந்த தேநீரும் விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை மேலேற்றும். இன்சுலின் அதை இறக்கும். சிலருக்கு அந்த இறக்கத்தில் மறுபடியும் பசி எடுக்கும். பருமன் கூடியவர்களில் பலருக்கு லெப்டின் ஏராளமாகச் சுரந்தும் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அன்று சத்து குறைந்தவருக்குப் பசி அடங்கியது. இன்று தேவைக்கு மேல் உண்டவருக்குப் பசி அடங்க மறுக்கிறது.

லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு

ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு, மேரு, காப்பார் பக்கமெல்லாம் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் எழுந்துவிட்டன. விடியுமுன் எழுந்து மரம் சீவி, வாளி சுமந்து நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்னும் நிலையை நெருங்கும் எண் இது.

புழுங்கல் அரிசிக்குத் திரும்பினால் மட்டும் இது தீர்ந்துவிடாது. அதையும் மலைபோல் குவித்து உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டலாம். நிறைவுச் செய்தி மூளையை எட்ட ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும் என்பதால் மெல்ல உண்ணலாம். தேநீரில் சீனியைக் குறைக்கலாம். இவற்றுக்கு மருந்துக்கடை தேவையில்லை. பெரிபெரியை வென்றதும் புதிய மருந்தன்று, அரிசியில் செய்த ஒரு மாற்றம். அன்று அந்தச் சோதனைகளுக்கு வழிகாட்டிய தமிழர் சமையலறை, இன்று தன் பிள்ளைகளுக்காக அத்தகைய ஒரு மாற்றத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது.