குழவியின் மூச்சில் ஓர் எழுத்துப் பிழை

பிறந்த குழவி முதன்முதல் மூச்சிழுக்கையில் நுரையீரலின் நுண்ணறைகள் விரிகின்றன. மூச்சு வெளியேறும்போது அவை மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது, உட்புறத்தே படர்ந்துள்ள மெல்லிய படலம். கொழுப்பும் புரதமும் கலந்தது அது. குறைமாதக் குழந்தைகளிடம் இப்படலம் போதாமையே அவர்தம் திணறலுக்குக் காரணம் என்பதை 1959 இல், பாஸ்டன் நகரில், மேரி எல்லன் ஏவரி அம்மையாரும் ஜெரி மீடும் காட்டினர். 1980 இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து ஆக்கிய படலப் பொருளை மூச்சுக்குழல் வழியே செலுத்திப் பயன் கண்டார்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சிற்று. நிறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளும் அவ்வாறே திணறின; எம்மருந்தாலும் நிலையாகத் தேறாமல் மடிந்தன. அதே தாயின் அடுத்த மகவும் அவ்வழியே போயிற்று. இத்தகைய தாயரை ஊரார் என்ன சொல்லி ஏசுவர் என்பதைத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர் அறிவர். அச்சொல்லை எழுத என் கை கூசுகின்றது.

புதிரை அவிழ்த்தவர் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் நோகியும் அவர்தம் துணைவரும் ஆவர். அடுத்தடுத்து இறந்த ஒரு குடும்பத்துக் குழந்தைகளின் நுரையீரலில் ‘பி’ என்னும் படலப் புரதம் அறவே இல்லை என்று 1993 இல் வெளியிட்டனர். மறு ஆண்டே காரணமும் தெரிந்தது. மரபணு மும்மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. அதன் 121 ஆம் சீரில், ஓரெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் மூன்றெழுத்து புகுந்திருந்தது. சீர் பிரிக்கக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ? அதற்குப் பின்வரும் சீரெல்லாம் பிறழ, புரதம் உருவாகாமலே போகின்றது.

2004 இல் மற்றொரு மரபணுவும் பிடிபட்டது. ஏ.பி.சி.ஏ.3 எனப்படும் அது, படலத்திற்குரிய கொழுப்பை உயிரணுவினுள் சேர்த்துவைக்கும் புரதத்திற்கு உரியது.

முன்னர் நுரையீரல் திசுவை வெட்டியெடுத்தே, பெரும்பாலும் இறந்தபின், நோயை ஆராய்ந்தனர். இன்று சிறிது குருதி போதும். நிறைமாதக் குழவி காரணமின்றித் திணறினால், முன்பிறந்தவை எவ்வாறு இறந்தன என்று மருத்துவர் முதலிலேயே வினவுகின்றார். இவ்விரு நோய்களிலும் பிழையுற்ற படி தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றும் வந்து சேரவேண்டும். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாயை மட்டும் ஏசியோர் தந்தையின் பங்கை அறியார்.

‘பி’ புரதம் அறவே இன்றிப் பிறந்த குழவிக்கு நுரையீரல் மாற்று அறுவையன்றி வேறு வழி இன்னும் இல்லை. எனினும், பெற்றோரிடத்துப் பிழை எதுவெனத் தெரிந்துவிட்டால், அடுத்த மகவைக் கருவிலேயே சோதித்துச் சொல்ல இயலும்.