கரிசலில் இரண்டு கோவில்கள்

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் பூமியை எழுத வந்தவர்கள் பருத்தியை எழுதினார்கள், கம்மாயை எழுதினார்கள், மழைக்குக் காத்திருக்கும் சம்சாரியை எழுதினார்கள். மாதா கோவிலை எழுதியவர்கள் குறைவு. அந்தப் பொறுப்பு பங்குச் சாமியார்களிடமும் ஜாதிச் சங்கங்களிடமும் போய்ச் சேர்ந்தது. முன்னவர்கள் தந்தது புதுமைகளின் பட்டியல். பின்னவர்கள் தந்தது வம்சப் பெருமை. இரண்டுக்கும் நடுவில் சரித்திரம் அநாதையாகக் கிடக்கிறது. நான் எடுத்துக்கொள்வது இரண்டே கோவில்களை: காமநாயக்கன்பட்டி, கழுகுமலை. இரண்டுமே எட்டயபுரத்தின் கைக்கெட்டிய ஊர்கள் என்பதுதான் இவற்றைச் சேர்த்துப் பார்க்க என்னைத் தூண்டியது.

காமநாயக்கன்பட்டி பழைய மதுரை மிஷனின் தளங்களில் ஒன்று. 17ஆம் நூற்றாண்டிலேயே அங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கோவிலுக்கு எட்டப்பர் பாதுகாப்புத் தந்ததைச் சொல்லும் கல் ஒன்று முன்னால் நிற்கிறது. இந்தக் கல்லைச் சமய நல்லிணக்கத்துக்குச் சாட்சியாகக் காட்டுவது மேடை வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாளையக்காரர் தம் எல்லைக்குள் இருந்த ஒன்றுக்குக் காவல் தருகிறார். தரும் அதிகாரம் தம்முடையது என்பதையும் அதே கல்லில் பதித்துக்கொள்கிறார். கோவிலுக்கு அது கவசம். அவருக்கு அது ராஜ்யம்.

1711இல் மதுரை மிஷனுக்கு வந்த பெஸ்கி ஆரம்ப வருஷங்களில் வேலை செய்த இடங்களில் காமநாயக்கன்பட்டியும் ஒன்று. இத்தாலியில் 1680இல் பிறந்தவர். பின்னால் தேம்பாவணியும் தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் எழுதிய வீரமாமுனிவரைத்தான் சொல்கிறேன். 1714இல் குருக்கள்பட்டியில் பிடிபட்டு மரண தண்டனை வரை போய்த் தப்பினார். எட்டப்பரின் கல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டாம். அடுத்த பாளையத்தில் அந்தக் கல்லுக்கு மதிப்பில்லை. பண்டிதர்களிடம் பாடம் கேட்ட பெஸ்கியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பரமார்த்த குருவின் கதையில் சிரிக்கிற பேச்சு பண்டிதர் வீட்டுத் திண்ணையில் மட்டும் பிடிபடுகிற சரக்கல்ல. கரிசல் வருஷங்களுக்கு அதில் பங்குண்டு என்பது என் ஊகம்.

ஆனால் பெஸ்கியோடு நின்றுவிடுவது நம் எழுத்தாளப் புத்தியின் கோளாறு. விரல்விட்டு எண்ணக்கூடிய குருமார்களைக் கொண்ட மிஷன் அது. சாமியார் ஊருக்கு வருவது எப்போதாவதுதான். நாள்தோறும் கோவிலை நடத்தியவர் உபதேசியார். மந்திரம் சொல்லிக் கொடுத்தார். சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பூசை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் ஜெபம் வாசித்தார். புருஷன் பெண்டாட்டி வழக்கையும் வரப்பு வழக்கையும் தீர்த்தார். 1773இல் போப்பாண்டவர் யேசு சபையைக் கலைத்தார். 1838இல்தான் பிரெஞ்சு யேசு சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தார்கள். இடையில் 65 வருஷம்; ஏறக்குறைய மூன்று தலைமுறை. கோவாக் குருமார்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்ததைத் தவிர, கோவில்கள் ஜனங்களின் கையில் இருந்தன. பாளையப் போர்களும் பஞ்சங்களும் நடந்த காலம் இதுவே. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799இல். கோவில் என்கிற ஸ்தாபனம் கரிசலில் உண்மையாக வேர்விட்டது இந்த ஆளில்லாக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன். சாமியார்கள் எழுதிய வரலாறுகளில் இது ஒரு பத்தியில் முடிந்துவிடும். சாமியார் இல்லாத காலத்துக்கு அவர்கள் ஏன் பக்கம் ஒதுக்கப் போகிறார்கள்?

காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா திருநாள் ஆகஸ்ட் 15. ஐரோப்பியக் காலண்டரின் தேதிதான். ஆனால் அது கரிசலில் வந்து விழும் இடத்தைப் பாருங்கள்: ஆடிக் கடைசி. பருத்தி எடுத்து முடிந்திருக்கும். புரட்டாசி விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும். உழவு போட்ட மண் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். கையில் கொஞ்சம் காசும் வேலையில்லாத நாட்களும் ஒன்றாக வாய்க்கிற காலம். கொடியேறுகிறது, தேர் வருகிறது, தேருக்குப் பின்னால் ஜனங்கள் விழுந்து கும்பிட்டபடி வருகிறார்கள். வேதக்காரர்கள் மட்டுமல்ல, மற்றவர்களும் நேர்ச்சையோடு வருகிறார்கள். எங்கோ தீர்மானமான ஒரு தேதியைக் கரிசலின் விவசாய வருஷம் தனக்குள் இழுத்துக்கொண்டு விட்டது. 1947க்குப் பிறகு அரசாங்க விடுமுறையும் சேர்ந்துகொண்டது வேறு விஷயம்.

புராட்டஸ்டண்டுகள் வேறு மாதிரி வந்தார்கள். ராக்லண்டு 1854 முதல் கூடாரம் போட்டு வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகச் சுற்றி 1858இல் சிவகாசியில் செத்துப்போனார். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) ஆயிரக்கணக்கானவர்கள் மிஷன்களில் சேர்ந்தார்கள். அதைக் கஞ்சிக்காக மாறிய மதம் என்று இளக்காரம் பேசுபவர்கள் கஞ்சி இல்லாமல் ஒரு வாரம் இருந்து பார்த்தவர்கள் அல்ல.

கழுகுமலை விவகாரம் பஞ்சம் பற்றியதல்ல, வீதி பற்றியது. தேரோடும் வீதிகளில் தங்கள் ஊர்வலம் போக நாடார்கள் உரிமை கேட்டார்கள். எட்டயபுரம் ஜமீன் மறுத்தது. வழக்காடியும் பலனில்லை. பலர் கத்தோலிக்கரானார்கள். தேர் வீதியில் இருந்த வீடு ஜெபக்கூடமாயிற்று. அதன்முன் பந்தல் எழுந்தது. 1895 பங்குனித் தேர் அந்தப் பந்தலருகே வந்து நின்றது. பிறகு நடந்தது கலவரம். ஜமீன் மானேஜர் கொல்லப்பட்டார், நாடார்கள் பலர் உயிரிழந்தார்கள், வீடுகள் எரிந்தன.

இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு மாதா கோவிலுக்குக் கல் நட்டுக் காவல் தந்த அதே எட்டயபுரம் இது. என்ன மாறியது? பாளையக்காரர் மாறினார். 1803 நிரந்தர ஏற்பாட்டுக்குப் பிறகு அவர் ஜமீன்தார். கும்பினிக்குப் பேஷ்குஷ் கட்டுகிறவர். படை போயிற்று, காவல் போயிற்று. ராஜா என்று அவரை ஊர் கும்பிட மிஞ்சியது முதல் மரியாதையும் தேர்வடமும்தான். மறுபக்கம் நாடார்களிடம் வியாபாரப் பணம் சேர்ந்திருந்தது. மதுரை–தூத்துக்குடி ரயில் 1876 முதல் கோவில்பட்டி வழியாகப் பருத்திப் பொதிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. காசு உண்டு, தெரு இல்லை என்பது அவர்கள் நிலை. தெரு உண்டு, வேறொன்றும் இல்லை என்பது ஜமீன் நிலை. ஞானஸ்நானம் அந்த இடத்தில் ஒரு தெருப் பட்டாவாகப் பயன்பட்டது. இதைச் சொன்னால் விசுவாசிகள் வருத்தப்படுவார்கள். விசுவாசம் தெருவில் நடக்காமல் வேறெங்கே நடக்கிறது? பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) இந்தக் கலவரத்துக்குள் நுழைந்தபோதுதான் தமிழ் நாவலுக்கு இது கண்ணில் பட்டது. 117 வருஷம் பிந்தி.

கோவிலுக்குள்ளே தெரு ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கரிசலைத் தாண்டித் தெற்கே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலுக்கு இரண்டு கால்கள்: வேளாளர் முதலிய ஜாதிகளுக்கு ஒன்று, நாடார் முதலியவர்களுக்கு மற்றொன்று, நடுவில் சுவர், இரண்டும் சேரும் முனையில் பீடம். ‘காற்சட்டைக் கோவில்’ என்று பெயரே வந்துவிட்டது. 1910ஐ ஒட்டிச் சுவரை இடித்தார்கள். சுவர் எங்கள் பாத்தியதை என்று ஒரு தரப்பு பிஷப் மீதே வழக்குப் போட்டு, மதராஸ் ஹைக்கோர்ட் வரை போய்த் தோற்றது. கழுகுமலையில் வீதி கேட்டவர்களை மறுத்தவர்களும் இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்கள்: பாத்தியதை.