ஷைலக்கும் செட்டிநாடும்

1940ஆம் ஆண்டில் 'ஷைலக்' என்னும் தமிழ்ப் படம் ஒன்று வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தைத் தழுவிய அப்படத்தைச் சாமா-ராமு இருவரும் இயக்கினர். 'அம்பிகாபதி'யில் கம்பராகத் தோன்றிய செருகளத்தூர் சாமாவே ஷைலக்காக நடித்தார். அதற்கு முன்பே பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை 'வாணீபுர வணிகன்' என நம் மேடைக்குக் கொண்டு வந்திருந்தார். ஆகவே கதை தமிழருக்குப் புதிதன்று.

மூவாயிரம் டக்கட் கடனுக்கு ஈடாக ஒரு ராத்தல் சதை கேட்ட யூதன் என்றே ஷைலக்கை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் கடனுக்கு அவன் வட்டி கேட்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். கடன் கேட்டு வந்த அந்தோணியோ அவன்மீது காறி உமிழ்ந்தவன், நாயென்று ஏசியவன். மகளும் பொருளை அள்ளிக்கொண்டு ஒரு கிறித்தவனோடு ஓடிப்போன பிறகே பழிவெறி முற்றுகிறது. மெய்யான வெனிஸில் 1516 முதல் யூதர்களைத் தனிச் சேரியில் வைத்து இரவில் கதவைப் பூட்டினார்கள். நிலம் வாங்கவும் பெரும்பாலான கைத்தொழில்களைச் செய்யவும் தடை. வட்டித் தொழிலுக்கோ அனுமதி. பிறகு வட்டிக்காரன் என்று வசை!

நாடகத்தின் இறுதியில் ஷைலக் மதம் மாறியாக வேண்டும் என்பது நிபந்தனை. மார்க்கம் என்பதே ஒருவனுக்குத் தண்டனையாக விதிக்கப்படும் அந்தக் கட்டத்தை நம்மால் எப்படி ரசிக்க இயலும்?

இந்தப் படம் வந்த காலத்தில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் பலர் பர்மாவில் இதே வசையைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஐரோப்பிய வங்கிகள் பர்மியக் குடியானவனுக்குக் கடன் தருவதில்லை. செட்டியாருக்குத் தந்தன, செட்டியார் உழவனுக்குத் தந்தார். 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை; அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 ஆயிற்று. பணத்தைத் திருப்பி ஊருக்கு அனுப்ப நினைத்தவர்கள் சேற்று வயலுக்குச் சொந்தக்காரர் ஆயினர். நிலம் இழந்தவனின் கோபத்தை யார் குறை சொல்வது?

வட்டி நமக்கு ஹராம். அதில் நமக்குத் தடுமாற்றமில்லை. ஆனால் வட்டியை வெறுப்பது வேறு, வட்டிக்காரனின் இனத்தையே வெறுப்பது வேறு. இந்த இரண்டாவது வெறுப்பு ஆள் பார்ப்பதில்லை. 1938 ஜூலையில் ரங்கூனில் மூண்ட கலவரத்தில் முதலில் அடிபட்டவர்கள் செட்டியார்கள் அல்லர், இந்திய முஸ்லிம்கள். பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. காரணமாகக் காட்டப்பட்டது ஒரு புத்தகம்.

1942இல் ஜப்பானியர் வந்ததும் இலட்சக்கணக்கான இந்தியர் காடு மலை கடந்து நடந்தனர். 1948இல் நிலங்கள் சட்டத்தால் போயின. 1964இல் கடைகளும் அரசுடைமையாயின. மீண்டும் கப்பல் கப்பலாகத் தமிழர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். வட்டி வாங்கியவரும் அவற்றில் வந்தனர், வாங்காத நம்மவரும் வந்தனர்.