எரிவாயு ஹீட்டர்: புகைபோக்கி அமைப்பு

குளியல் வெந்நீருக்கான எரிவாயு ஹீட்டரில் உண்டாகும் தகனவாயுக்களைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுசெல்லும் குழலமைப்பு. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 1.5 பாகையில் உள்ள மலேசியாவின் ஜொகூர் பாருவில் குளிர்காயக் கணப்பு வேண்டியதில்லை. வெந்நீருக்கும் மின்சார ஹீட்டரே பெருவழக்காதலின், எரிவாயு ஹீட்டரின் அபாயம் அங்கே பலருக்குத் தெரியாமலிருக்கலாம். எரிவாயுவிலுள்ள புரொப்பேன் ஒரு பங்கு பூரணமாக எரியச் சுமார் 24 பங்கு காற்று தேவைப்படுவதால், அடைபட்ட அறையில் தகனம் அரைகுறையாகி, நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு தோன்றுகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் கூடுவதே விபரீதத்துக்குக் காரணம். புகைபோக்கியின் இழுப்பு, உள்ளிருக்கும் வெப்பவாயுவுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையேயுள்ள அடர்த்தி வேறுபாட்டால் விளைவதாகையால், வெளிக்காற்றே 30 பாகை செல்சியசை ஒட்டி நிற்கும் ஜொகூரில் அது சீததேசங்களில் இருப்பதுபோல் வலுவாக இராது. வரிசை வீடுகளின் பின்முற்றத்தைக் கூரையிட்டுச் சமையலறையாக்கும் வழக்கமோ, வெளியிலிருந்த ஹீட்டரை உள்ளே அகப்படுத்திவிடுகிறது. அங்கே காற்றை வெளியேற்றச் சுழலும் விசிறி, புகையைத் தலைகீழாக வீட்டுக்குள் இழுப்பதும் உண்டு. ஹீட்டரைத் திறந்தவெளியில் பொருத்துவது, அன்றேல் வெளிச்சுவரின் வழியே காற்றை ஏற்று அவ்வழியே புகையையும் விடும் மூடிய வகையைக் கொள்வது உத்தமம். மலேசியாவில் இத்தகைய பொருத்துவேலை, 1993ஆம் ஆண்டின் எரிவாயு விநியோகச் சட்டத்தின்கீழ், எரிசக்தி ஆணையத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டது.